பழைய கணினியை மீட்டெடுத்தல்: சுவிட்சைப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள், வரிசைப்படி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் சந்தையிலிருந்து ஒரு பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர், வீட்டுக்கு வந்ததும் முதலில் அதை மின்சாரத்தில் செருகிச் சுவிட்சைப் போட்டுப் பார்க்கிறார்கள். "அண்ணே, நேத்து ராத்திரி ஒரு தடவ போட்டுப் பாத்தேன், கொஞ்சம் புகை வந்துச்சு, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு தம்பி என்னிடம் கொண்டுவந்த 486 கணினியில், அந்தக் கொஞ்சம் புகையைச் சரிசெய்ய மூன்று வாரங்கள் ஆயின. அவர் செய்த வேலையில் தவறில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டார்.

இந்த வழிகாட்டி 1984 முதல் ஏறத்தாழ 1997 வரை புழங்கிய ஏ.டி. வகைக் கணினிகளுக்கானது, அதாவது 286, 386, 486, தொடக்ககாலப் பென்டியம் ஆகிய செயலிகளைக் கொண்டவை. இதற்கும் முந்திய எக்ஸ்.டி. வகைக்கும் பெரும்பகுதி பொருந்தும். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு படியும் அடுத்த படியில் ஏற்படக்கூடிய சேதத்தைத் தடுப்பதற்காகவே அந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

1. வாங்குவதற்கு முன், சந்தையிலேயே

ஓடுமா என்று கேட்டால் "போலே, போலே" (மலாயில் "ஓடும், ஓடும்") என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். பெட்டியின் பின்புறத்தில் கார்டு இடைவெளிகளை மூடும் தகடுகளில் ஒன்றிரண்டு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அந்த ஓட்டையின் வழியே கைப்பேசி விளக்கைக் காட்டி, விசைப்பலகை செருகும் பெரிய வட்டத் துளைக்கு அருகில் பச்சையாகவோ நீலமாகவோ பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூத்திருந்தால் பேட்டரி கசிந்துவிட்டது என்று பொருள். வாங்கக் கூடாது என்பதில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அது போதுமான காரணம்.

அடுத்து, பெட்டியைச் சுற்றிலும் உள்ள திருகாணிகளைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் துருப்பிடித்திருந்தால் அந்தக் கணினி தண்ணீரில் நின்றிருக்கிறது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்டதை உதிரிபாகங்களுக்காக மட்டும் வாங்கலாம்.

பின்புறத் துளைகளே கணினியின் வயதைப் பாதி சொல்லிவிடும். மூன்று வரிசைகளில் 15 துளைகள் உள்ள சாக்கெட் வி.ஜி.ஏ. திரைக்கானது. இரண்டு வரிசைகளில் 9 துளைகள் இருந்தால் அது அதற்கு முந்திய எம்.டி.ஏ., சி.ஜி.ஏ., ஈ.ஜி.ஏ. கார்டுகளில் ஒன்று, அதற்கேற்ற திரை கிடைப்பது கடினம், பொருந்தாத திரையைச் செருகினால் திரையே கெடக்கூடும். அதே 9, துளைகளாக இல்லாமல் ஊசிகளாக இருந்தால் அது சீரியல் போர்ட். 25 துளைகள் உள்ளது பொதுவாக அச்சுப்பொறிக்கானது, 25 ஊசிகள் உள்ளது மறுபடியும் சீரியல். புதியவர்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இதுவே.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

மின்பாதையின் தொடர்ச்சியைச் சோதிக்கும்போது ஒலி எழுப்பும் டிஜிட்டல் மல்டிமீட்டர், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயத்தை உறிஞ்சும் பம்ப், ஃபிளக்ஸ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், வெள்ளை வினிகர், பழைய பல் துலக்கி, பஞ்சுக் குச்சிகள், பென்சில் அழிப்பான், உருப்பெருக்கிக் கண்ணாடி, நான்கு ஊசித் துளை கொண்ட சிறிய ஸ்பீக்கர், ஐ.எஸ்.ஏ. எனப்படும் பழைய வகைக் கார்டுத் துளையில் செருகக்கூடிய போஸ்ட் கார்டு (தொடக்கச் சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் கார்டு). கோலாலம்பூரில் இருப்பவர்கள் ஜாலான் பாசாரில் ஒரு சுற்றுச் சுற்றினால் மின்னணுச் சாமான்களைப் பெரும்பாலும் சேர்த்துவிடலாம்.

திருகாணிகளைப் போடுவதற்கு, வாரத்தின் ஏழு நாள்களுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரை டப்பாவைப் போல் வசதியானது வேறில்லை. பெட்டி மூடியின் திருகாணிகள் திங்களில், கார்டுகளின் திருகாணிகள் செவ்வாயில் என்று போட்டுவிட்டால், திரும்பப் பொருத்தும்போது தடுமாற்றம் இருக்காது. பிளாப்பி இயக்கிகளுக்கான நுண்மரைத் திருகாணியும் பெட்டிக்கான பெருமரைத் திருகாணியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மாற்றித் திருகினால் மரை அழிந்துவிடும்.

3. தொடுவதற்கு முன் படம், கழற்றுவதற்கு முன் அடையாளம்

மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல், எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். ஜம்பர்கள் எனப்படும் சிறு தொப்பிகள் எந்தெந்த ஊசிகளில் மாட்டப்பட்டிருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனெனில் செயலியின் வேகத்தையும் சில பலகைகளில் (மதர்போர்டுகளில்) அதன் மின்னழுத்தத்தையும் தீர்மானிப்பவை அவையே. அதன் பிறகு பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். நம் ஊர் ஈரப்பதத்தில் நிலைமின்னேற்றம் குறைவு என்பது உண்மைதான், ஆனால் நாள் முழுவதும் குளிரூட்டிய அறையில் அந்த உண்மை செல்லாது.

அடையாளம் காண்பதைத் துளைகளிலிருந்து தொடங்குவது எளிது. நீளமான ஒரே கறுப்புத் துளை மட்டும் இருந்தால் அது 62 தொடுமுனைகள் கொண்ட 8 பிட் ஐ.எஸ்.ஏ.; அதோடு 36 தொடுமுனைகள் கொண்ட குட்டைத் துளை ஒட்டி வந்தால் 16 பிட். அதே வரிசையில் மூன்றாவதாக ஒரு பழுப்புத் துளையும் இருந்தால் அது 1992க்குப் பிந்திய வெசா லோக்கல் பஸ், பெரும்பாலும் 486. குட்டையான வெள்ளைத் துளைகள் பி.சி.ஐ., அதாவது கடைசிக்கால 486 அல்லது பென்டியம்.

பலகையின் வயதை அறியச் சில்லுகளின் மேல் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீடுகளைப் படிக்க வேண்டும். 9234 என்றால் 1992ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். பலகையிலுள்ள குறியீடுகளில் மிகவும் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்தப் பலகை உருவாகியிருக்க முடியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லின் மேல் 8042 என்று இருப்பதைப் பார்த்து, 1980ஆம் ஆண்டின் 42ஆம் வாரம் என்று ஒருவர் என்னிடம் உறுதியாக வாதாடியிருக்கிறார். 8042 என்பது சில்லின் பெயர். 8237, 8254, 74இல் தொடங்கும் எண்கள் ஆகியவையும் அப்படித்தான். தேதி வழக்கமாக இரண்டாவது அல்லது மூன்றாவது வரியில் தனியாக நிற்கும்.

இன்னொரு குழப்பம், செயலியின் மேல் மலேசியா என்று பொறித்திருப்பது. இன்டெல் 1972இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியது முதல் ஏராளமான சில்லுகள் இங்கே பொதியப்பட்டு உலகெங்கும் போயிருக்கின்றன. அந்தச் சொல் சில்லைப் பொதிந்த இடத்தைக் குறிக்கிறது. மதர்போர்டு எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. பாயான் லெப்பாஸிலிருந்து போன ஒரு 486 சில்லு முப்பது ஆண்டு கழித்து லோரோங் கூலிட்டுக்குத் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

நினைவகத்தில் எண்ணிக்கையே முக்கியம். 30 முனை சிம் (நினைவகச் சில்லுகள் பதித்த சிறு அட்டை) ஒன்று 8 பிட் அகலமே தரும். ஆகவே 286க்கும் 386எஸ்.எக்ஸ்.க்கும் இரண்டிரண்டாகவும், 386டி.எக்ஸ்.க்கும் 486க்கும் நான்கு நான்காகவும் போட வேண்டும். 72 முனை சிம் 32 பிட் அகலமுடையது. 486க்கு ஒன்று போதும், பென்டியத்துக்கு இரண்டு வேண்டும். இதை அறியாமல் மூன்று சிம்களைப் போட்டுவிட்டுப் பலகை செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் பலர். சிம்களைக் கழற்றும்போது இரு பக்கக் கொக்கிகளையும் ஒருசேர வெளிப்பக்கம் தள்ளி, சிம்மைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கொக்கி முப்பது ஆண்டில் முறுக்குப்போல் மொறுமொறுப்பாகிவிடும். ஒன்று ஒடிந்தால் முழுச் சாக்கெட்டையும் மாற்ற நேரும்.

486 பலகைகளில் கேஷ் எனப்படும் வேக நினைவகச் சில்லுகள் சில வெறும் பிளாஸ்டிக்காகவே இருக்கும். மேலே "ரைட் பேக்" என்று அச்சிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் விற்ற காலம் ஒன்று இருந்தது. அவற்றைப் பழுதுபார்க்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல் உள்ள பயாஸ் சில்லின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் உரிக்கக் கூடாது. அதன் கீழே கண்ணாடிச் சாளரம் இருந்தால், புறஊதா ஒளி அதன் வழியே புகுந்து உள்ளிருப்பதை அழித்துவிடும்.

4. பேட்டரி: எல்லாவற்றுக்கும் முதல் வேலை

1990களின் நடுப்பகுதிவரை வந்த பலகைகளில், தேதியையும் அமைப்புகளையும் மறக்காமல் காப்பதற்காக, நீலம் அல்லது பச்சை உறையிட்ட, சிறு உருளை வடிவ 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று நேரடியாக ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். கசிந்தாலும் கசியாவிட்டாலும் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். இன்று நன்றாக இருப்பது அடுத்த மழைக்காலத்தில் கசியும். அதன் உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு செம்புத் தடங்களின் ஓரமாக, பச்சை மேற்பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும் தன்மை உடையது. வெட்டிய பேட்டரியில் காட்மியம் இருப்பதால் அதைக் குப்பையில் போடாமல் மின்கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

கசிவு இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, உதிரும் பொடியை முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். பிறகு பஞ்சுக் குச்சியை வெள்ளை வினிகரில் நனைத்து ஒற்றினால் சிறு நுரை எழும்பும். கசிவு காரத்தன்மை உடையது, வினிகர் அமிலம். இரண்டும் ஒன்றையொன்று முறிக்கும் அடையாளமே அந்த நுரை. நுரை நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும். அதோடு நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. வினிகரைப் பலகையிலேயே விட்டால் மிச்சமிருக்கும் செம்பை அது அரிக்கத் தொடங்கும். ஆகவே தூய நீரால் நன்றாகக் கழுவி, அந்த நீரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் வெளியேற்றி, மின்விசிறியின் முன் ஒரு முழு நாள் வைக்க வேண்டும். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. துளைகளிலெல்லாம் தவிடு ஏறுவதைத் தவிர அதனால் பயன் ஒன்றுமில்லை.

உலர்ந்த பிறகு உருப்பெருக்கியின் கீழ் தடங்களைப் பார்க்க வேண்டும். பளபளக்கும் தடம் நல்லது. கறுத்த தடம் அறுந்தும் இருக்கலாம், அறாமலும் இருக்கலாம். கண்ணை நம்பாமல் மல்டிமீட்டரால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்ச்சி பார்க்க வேண்டும். பேட்டரி வழக்கமாக விசைப்பலகைத் துளைக்குப் பக்கத்தில் இருப்பதால், முதலில் அறுபடுவன 8042 சில்லுக்குப் போகும் தடங்கள். "விசைப்பலகை இல்லை" என்று திரையில் பிழை வரும்போது பலரும் விசைப்பலகையை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், கோளாறு இங்கே கிடக்கிறது. எக்ஸ்.டி. விசைப்பலகையை ஏ.டி. கணினியில் செருகினாலும் இதே பிழைதான் வரும். முனை ஒன்றுபோல் இருந்தாலும் அவை பேசும் முறை வேறு. சிலவற்றின் அடியில் இரண்டுக்கும் மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும், அதையும் பார்த்துவிட வேண்டும்.

அறுந்த தடத்துக்கு, இரு பக்கமும் மேற்பூச்சை மெதுவாகச் சுரண்டிச் செம்பைக் காட்டி, ஈயம் பூசி, மெல்லிய உறையிட்ட கம்பியால் பாலம் போட வேண்டும். அரிக்கப்பட்ட இடத்தில் ஈயம் ஒட்டாது உருண்டு ஓடினால் இன்னும் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். வெப்பத்தைக் கூட்டுவது தடத்தைப் பலகையிலிருந்து உரித்துவிடும்.

பழைய பேட்டரிக்கு மாற்றாக நான் எப்போதும் சொல்வது, பலகையில் வெளிப்புறப் பேட்டரிக்கான நான்கு ஊசிகள் இருந்தால் அதில் மூன்று ஏ.ஏ. பேட்டரிகள் கொண்ட 4.5 வோல்ட் கூட்டைக் கம்பி நீட்டி மாட்டி, கூட்டைப் பலகையிலிருந்து தள்ளிப் பெட்டியின் சுவரில் ஒட்டிவைப்பதே. மறுபடி கசிந்தாலும் பலகை தப்பும். அதற்கான ஜம்பரை வெளிப்புறப் பேட்டரி நிலைக்கு மாற்ற மறக்கக் கூடாது. அந்த ஊசிகள் இல்லாவிட்டால் சி.ஆர்.2032 வட்டப் பேட்டரியைத் தாங்கியோடு வைக்கலாம், ஆனால் நடுவில் ஒரு டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) கட்டாயம். பழைய பேட்டரி மின்னேற்றக்கூடிய வகை என்பதால் பலகை அதற்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும். வட்டப் பேட்டரிக்கு மின்னேற்றினால் அது வெடிக்கக்கூடும். டையோடின் கோடு போட்ட முனை பலகையின் நேர்முனையைப் பார்த்திருக்க வேண்டும். மின்னழுத்த இழப்பு குறைவான ஷாட்கி வகை நல்லது.

உருளைப் பேட்டரிக்குப் பதிலாக, கடிகாரப் படம் போட்ட கறுப்புக் கட்டிபோன்ற டல்லாஸ் சில்லு இருந்தால் கசிவுக் கவலை இல்லை. உள்ளே உள்ள பேட்டரி இந்நேரம் தீர்ந்திருக்கும். அமைப்புகள் ஒவ்வொரு முறையும் மறந்துபோகும், அவ்வளவே. அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

5. பவர் சப்ளையைத் தனியாகச் சோதித்தல்

முதலில் பின்புறம் உள்ள 115/230 சிவப்பு மாற்றியைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து வந்த கணினியின் மாற்றி 115இல் நின்றிருக்க, இங்கே செருகினால் உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கிகள் தாங்காமல் வெடிக்கும். மாற்றியே இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் அட்டையைப் படித்து 230 அல்லது 240 வோல்ட் ஏற்கும் என்று உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது உயிருக்கு ஆபத்தான செய்தி. ஏ.டி. கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையிலிருந்து பழுப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு நிற நான்கு கம்பிகள் கொண்ட தடித்த கேபிள் ஒன்று முன்பக்கச் சுவிட்ச்வரை வரும். அதில் ஓடுவது வீட்டு மின்சாரமே. இன்றைய கணினிகளின் சுவிட்சில் வரும் 5 வோல்ட் என்று எண்ணித் தொட்டுவிடக் கூடாது. சுவிட்சின் முனைகள் ஒவ்வொன்றிலும் உறை இருக்கிறதா என்று செருகைப் பிடுங்கிய நிலையில் பார்த்து, உறை இல்லாததை மூட வேண்டும்.

பவர் சப்ளையின் நுழைவாயிலில், ஒளி ஊடுருவும் மஞ்சள் உறைக்குள் அடைத்த காகித வகை மின்தேக்கி இருக்கலாம். உறையில் மெல்லிய வெடிப்புகள் விழுந்து, அதன் வழியே காற்றின் ஈரம் உள்ளே போய், மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் அறை முழுவதும் நாற்றமும் புகையும் பரவும். தொடக்கத்தில் சொன்ன தம்பியின் புகை இதுவே. கடற்காற்றில் கிடந்த கணினியில் இதைச் சோதிக்காமல் மாற்றிவிடுவது நல்லது. அதே கொள்ளளவுள்ள, எக்ஸ்2 என்று குறிக்கப்பட்ட பாலிப்ரொப்பிலீன் வகையையே போட வேண்டும். சாதாரண மின்தேக்கி அந்த இடத்தில் தீப்பிடிக்கும்.

ஆனால் பவர் சப்ளையைத் திறப்பது எல்லாருக்குமான வேலை அல்ல. செருகைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை மீட்டரால் அளந்து, வடித்து, பிறகு தொடும் பழக்கம் இல்லாதவர்கள், பழைய தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவரிடம் அந்தப் பெட்டியை மட்டும் கொடுத்துவிடுவதே சரி.

திறந்து மூடியபின், மதர்போர்டோடு இணைக்காமல், ஒரு சுமையோடு இயக்க வேண்டும். அக்காலப் பவர் சப்ளைகள் பல, சுமை இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்கா, அல்லது தவறான அளவுகளைக் காட்டும். கெட்டுப்போன பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றும், சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே 12 வோல்ட் 21 வாட் கார் விளக்கு ஒன்றும் போதும். சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வோல்ட், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வர வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பி மின்சாரம் சீரானதும் 5 வோல்ட்டுக்கு உயரும். அது உயராவிட்டால் மற்ற எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் பலகை தொடங்காது.

6. பலகையில் குறுக்குச்சுற்று பார்த்தல்

பவர் சப்ளையை இணைக்காத நிலையில், பலகையின் மின்செருகியில் 5 வோல்ட் ஊசிக்கும் தரைக்கும் இடையிலும், பிறகு 12 வோல்ட் ஊசிக்கும் தரைக்கும் இடையிலும் மின்தடையை அளக்க வேண்டும். பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் குறுக்குச்சுற்று. பெரும்பாலும் குற்றவாளி, துளி வடிவில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும் டான்டலம் மின்தேக்கி. 12 வோல்ட் தடத்தில் 16 வோல்ட் தாங்கும் வகையைப் போட்டிருப்பார்கள், இத்தனை ஆண்டுக்குப் பிறகு அந்த இடைவெளி போதவில்லை. 25 அல்லது 35 வோல்ட் தாங்கும் வகையை மாற்றிப் போட வேண்டும்.

டான்டலத்தில் கோடோ கூட்டல் குறியோ நேர்முனையைக் காட்டும். உருளை வடிவ எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் கோடு எதிர்முனையைக் காட்டும். ஒன்றின் வழக்கத்தை மற்றொன்றுக்குப் பொருத்தித் தலைகீழாக மாட்டியதால் வெடித்த சத்தங்களை நான் கேட்டிருக்கிறேன். முதல் முறை இயக்கும்போது முகத்தைப் பலகைக்கு மேலே நீட்ட வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

கார்டுகளையும் ஒவ்வொன்றாகச் செருகி இதே அளவை மீண்டும் எடுக்க வேண்டும். பலகை நன்றாக இருந்து, ஒரு சவுண்ட் கார்டில் உள்ள ஒரே மின்தேக்கி எல்லாவற்றையும் கவிழ்ப்பது உண்டு. செருகுவதற்கு முன் கார்டின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, துகளைத் துடைத்துவிட வேண்டும். உப்புத்தாள் கூடாது, பொன் பூச்சு போய்விடும்.

7. குறைந்தபட்ச உறுப்புகளோடு முதல் இயக்கம்

பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, உலர்ந்த அட்டைப்பெட்டியின் மேல் வைக்க வேண்டும். நிலைமின் காப்புப் பையின் மேல் வைக்கக் கூடாது. வெள்ளிநிறப் பையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தும். இதைப் பாதுகாப்பு என்று எண்ணிச் செய்கிறவர்கள் மிகப் பலர்.

சாக்கெட்டில் அமர்ந்திருக்கும் சில்லுகள் அனைத்தையும், பலகைக்கு அடியில் ஒரு கையைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சூடாகி ஆறி, சூடாகி ஆறிச் சில்லுகள் சாக்கெட்டிலிருந்து மயிரிழை மயிரிழையாக மேலேறிவிடுகின்றன. என் இரண்டு வார இறுதிகளைத் தின்ற ஒரு 386 பலகை, பயாஸ் சில்லை அழுத்தியபோது "டிக்" என்ற சத்தத்தோடு அது கீழே இறங்கியதும் உயிர்பெற்றது. அதற்குள் நான் ஆறு மின்தேக்கிகளை வீணாக மாற்றி முடித்திருந்தேன்.

பி8, பி9 எனப்படும் இரு மின்செருகிகளை மாட்டும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டி வர வேண்டும். இடம் மாறினால் பலகை அந்த நொடியே போய்விடலாம். கறுப்போடு கறுப்பு என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாட்டுவது என் வழக்கம்.

முதலில் பலகை, செயலி, ஸ்பீக்கர் ஆகியவை மட்டும். நினைவகம்கூட வேண்டாம். இந்த நிலையில் ஸ்பீக்கர் திரும்பத் திரும்ப ஒலித்தால் மகிழ்ச்சியடையலாம், ஏனெனில் செயலியும் பயாஸும் வேலை செய்து, நினைவகம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டன. மின்சாரத்தை நிறுத்தி நினைவகத்தைப் போட்டால் ஒலி மாற வேண்டும்: ஏ.எம்.ஐ. பயாஸில் எட்டு ஒலிகள், அவார்டு பயாஸில் ஒரு நெடில் இரண்டு குறில் ஆகியவை திரைக் கார்டு இல்லை என்பதைக் குறிக்கும். ஏ.எம்.ஐ.யில் மூன்று ஒலிகள் வந்தால் முதல் 64 கிலோபைட் நினைவகத்தில் கோளாறு. சிம்களை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கடைசியாகத் திரைக் கார்டைச் செருகினால் ஒரே ஒரு குறுகிய ஒலியோடு படம் வர வேண்டும்.

ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டை மாற்றிவிட்டுச் சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது; கெட்டால், எது கெடுத்தது என்றும் தெரியாது.

ஒலியே வராவிட்டால்தான் போஸ்ட் கார்டு. தொடக்கச் சோதனையின் ஒவ்வொரு கட்டத்திலும் பயாஸ் அனுப்பும் எண்ணை அது காட்டும். எண் 00 அல்லது எஃப்.எஃப். என்று அசையாமல் நின்றால் செயலி வேலையையே தொடங்கவில்லை. ஜம்பர்கள், கடிகாரச் சைகை, ரீசெட் சைகை ஆகியவற்றை அந்த வரிசையில் பார்க்க வேண்டும். நடுவில் ஓர் எண்ணில் நின்றால் அந்தப் பயாஸின் பட்டியலில் அந்த எண்ணைத் தேட வேண்டும். ஒரு விளிம்பு ஐ.எஸ்.ஏ., மறு விளிம்பு பி.சி.ஐ. என்றுள்ள மலிவுக் கார்டுகளைத் தலைகீழாகத் திசைமாற்றிச் செருக முடியும் என்பதால், எந்தப் பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கார்டின் மேல் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

8. பிளாப்பியும் ஹார்டு டிஸ்க்கும்

நம் ஊரில் கிடந்த பிளாப்பி வட்டுகளில் பூசணம் பிடித்திருக்கும். இயக்கியில் போடுவதற்கு முன் 3.5 அங்குல வட்டின் உலோகக் கதவை நகர்த்தி, நடுவளையத்தை விரலால் சுற்றிக்கொண்டே விளக்கொளியில் பார்க்க வேண்டும். பழுப்புப் பரப்பின் மேல் சாம்பல் நிறப் பொட்டுகளோ, மங்கிய வளையங்களோ தெரிந்தால் அந்த வட்டைப் போடக் கூடாது. ஒரு பூசண வட்டைப் போட்டால் அது இயக்கியின் தலையில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல வட்டைக் கீறி, அதன் தரவையும் எடுத்துக்கொள்ளும். தெரியாமல் போட்டுவிட்டால் உடனே நிறுத்தி, தலையை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும்.

இயக்கியின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. 34 இழைக் கேபிளின் நடுவில் சில இழைகள் முறுக்கப்பட்டிருக்கும். முறுக்குக்கு அப்பால் இருப்பதே ஏ இயக்கி.

ஹார்டு டிஸ்க்கின் மேல் உள்ள அட்டையிலிருந்து சிலிண்டர், ஹெட், செக்டார் ஆகிய மூன்று எண்களையும் எழுதிக்கொண்டு பயாஸில் நிரப்ப வேண்டும். பேட்டரி தீர்ந்தபோது இவை அழிந்திருக்கும். பல பயாஸ்களில் 47ஆவது வகை இதற்கானது. எண்கள் மாறினால் வட்டு காலியாகவோ குப்பையாகவோ தோன்றும். அதைப் பார்த்துப் பதறி ஃபார்மேட் செய்பவர்கள், யாரோ ஒருவரின் பத்து ஆண்டுக் கணக்குகளையும் கடிதங்களையும் அழித்துவிடுகிறார்கள். எழுதாமல் படிக்க மட்டும் செய்து முழு நகல் எடுத்த பிறகே மற்றது.

சுழலாத வட்டைத் தட்டியும் குலுக்கியும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தரவு முக்கியமில்லை என்றால், மலிவான மாற்றி ஒன்றில் காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டையைப் போட்டு ஐ.டி.ஈ. கேபிளில் மாட்டலாம். பழைய பயாஸ்கள் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற எல்லைக்கு உட்பட்டவை, அதாவது 504 மெகாபைட். அதற்கு மேற்பட்ட அட்டை வாங்கினால் மிச்ச இடம் வீணாகும், சில பலகைகளில் வட்டே தெரியாமலும் போகும்.

9. மூடுவதற்கு முன்

இரண்டு மணி நேரம் திறந்தபடியே ஓடவிட்டு, மின்தேக்கிகளின் தலை வீங்குகிறதா, செயலியின் மேல் உள்ள விசிறி சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். 486டி.எக்ஸ்.2 66 போன்றவற்றை வெப்பத் தகடு இல்லாமல் நம் ஊர் வெயிலில் விட்டால் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சூடேறும்.

ஜம்பர் நிலைகள், ஹார்டு டிஸ்க் எண்கள், பேட்டரி போட்ட தேதி, மாற்றிய மின்தேக்கிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இயக்கப்போவதில்லை என்றால் ஏ.ஏ. பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, கழற்றியதையும் அதே தாளில் குறித்து, இரண்டு பை சிலிக்கா ஜெல்லைப் பெட்டிக்குள் போட்டு, தரையிலிருந்து எட்டிய உயரத்தில் வைக்க வேண்டும்.